புதுமுகங்களும் மாணவர் தலைவரும்

கல்லூரி வாயிலுள் முதன்முறையாக நுழையும் மாணவனை நீங்கள் கண்டிருக்கலாம். கையில் ஒரு பை. பையினுள் மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும். சட்டைப் பையில் தாய் மடித்துக் கொடுத்த சில ரூபாய்த் தாள்கள். கண்களில் வியப்பும் அச்சமும். வளாகத்து மரங்களையும் நீண்ட தாழ்வாரங்களையும் அவன் அண்ணாந்து நோக்குகிறான். ஆயிரக்கணக்கானோர் அங்கு நடமாடுகின்றனர்; அவனை அறிந்தவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. சென்ற ஆண்டு வரையில் அவன் பயின்ற பள்ளியில் வாயிற்காவலர் முதல் தலைமையாசிரியர் ஈறாக அனைவரும் அவனைப் பெயர் சொல்லி அழைத்தனர். இங்கோ, அவன் அலுவலகத்துச் சாளரத்தின்முன் நின்றால், "விண்ணப்ப எண் என்ன?" என்ற கேள்வியே முதலில் வருகிறது.

தமிழ்நாட்டில் 1978 ஆம் ஆண்டில் மேனிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்னர், பதினோராம் வகுப்பை முடித்தோர் கல்லூரியில் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்ற பின்னரே பட்டப்படிப்பில் அடியெடுத்து வைத்தனர். புகுமுக வகுப்பு என்ற பெயரே பொருள் பொதிந்தது. கல்லூரியின் நடைக்கும் முறைக்கும் பழகிக்கொள்ள அவர்களுக்கு ஓராண்டு வாய்த்தது. இக்கால மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. பதினேழு பதினெட்டு வயதில் நேரே பட்டப்படிப்புக்குள் புகுகின்றனர். கட்டடங்களின் பெயர்கள் மனத்தில் பதியுமுன்னரே முதற்பருவத் தேர்வு வந்து முன்னிற்கிறது. ஆதலின் தொடக்கத்துச் சில வாரங்களில் அவர்கள் பெறும் துணையும் பெறாத துணையும் மூன்றாண்டுப் படிப்பின் போக்கையே மாற்றிவிடக்கூடும்.

புதிய மாணவன் அறியாதவை எவை? அவை யாவும் சிறியவை. கட்டணத்தை எங்கே செலுத்துவது? கால அட்டவணை எந்தப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது? முதன்மைப் பாடம் எது, சார்புப் பாடம் எது? அக மதிப்பீடு என்பது என்ன? வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத இயலாமற்போகும் என்பது மெய்தானா? விடுதி உணவுக்கூடத்தில் தட்டை நாம் கொண்டுசெல்ல வேண்டுமா, அவர்களே தருவார்களா? இக்கேள்விகளைப் பேராசிரியரிடம் கேட்க அவன் நாணுகிறான். தந்தையிடம் கேட்கலாம் என்றால், அவர் கல்லூரியின் உட்புறத்தைக் கண்டதில்லை.

இங்குதான் உற்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இவற்றை எல்லாம் வீட்டிலுள்ள அண்ணனோ அத்தையோ முன்னமே சொல்லிவிடுகின்றனர். எவ்வகை நூல் வாங்கவேண்டும், எந்தச் சான்றிதழுக்கு எத்தனை படிகள் எடுக்கவேண்டும் என்பது வரை அவன் அறிந்தே வருகிறான். உழவர் வீட்டிலிருந்தோ, கட்டடத் தொழிலாளர் வீட்டிலிருந்தோ முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அவ்வாறு சொல்வார் இலர். இருவரும் ஒரே மதிப்பெண் பெற்றவர்களாக இருக்கலாம். ஒரே வகுப்பில் ஒரே விசிப்பலகையில் அமரலாம். ஆயினும் ஒருவன் வழி தெரிந்தவன். மற்றவன் வழி தெரியாதவன். இந்த வேற்றுமையை எந்தக் கட்டணச் சலுகையாலும் முற்றும் நீக்க இயலாது. முன்னமே அவ்வழியில் நடந்த ஒருவர் உடன் வந்தால் நீங்கும்.

சலுகைகளே அதற்குச் சான்று. தொழிற்கல்வியில் ஒற்றைச் சாளர முறையில் சேரும் முதல் பட்டதாரி மாணவர்க்குத் தமிழ்நாட்டில் கற்பிப்புக் கட்டணச் சலுகை ஏற்படுத்தப்பட்டது. ஆனால் அதற்கு வருவாய்த் துறையினரின் சான்றிதழ் வேண்டும். 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டமும், அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி புகும் மாணவியர்க்கும் மாணவர்க்கும் மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்க வகைசெய்தன. இவ்வுதவிகள் யாவும் விண்ணப்பித்தவரையே சென்றடையும். விண்ணப்பிக்கும் நாள் எது, வங்கிக் கணக்கு யார் பெயரில் இருத்தல் வேண்டும் என்பதை ஒரு மூத்த மாணவி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்வார் இல்லையேல், அறிவிப்புப் பலகையில் நாள் கடந்த சுற்றறிக்கையை ஒரு பெண் மீண்டும் மீண்டும் படித்துக்கொண்டு நிற்பாள்.

இப்பணிக்கு உரியவர் யார்? கல்லூரி முதல்வருக்கும் பேராசிரியர்க்கும் இதில் கடமை உண்டு. ஆயினும் அவர்கள் மாணவராக இருந்த காலம் வேறு. இன்றைய மாணவனின் இடர் வேறு. மேலும், பெரியவரிடம் ஐயத்தைச் சொல்வதைவிட, ஈராண்டு மூத்த ஒருவனிடம் சொல்வது எளிது. "அண்ணா, எங்கள் வகுப்பு எங்கே என்று தெரியவில்லை" என்று கேட்பதில் நாணம் மிகுதி இல்லை. ஆதலின் மாணவர் பேரவைத் தலைவர், வகுப்புப் பிரதிநிதி, மாணவியர் விடுதித் தலைவி, நாட்டு நலப்பணித் திட்ட அணித் தலைவர் ஆகிய இவர்களிடமே இப்பணி இயல்பாகச் சென்று சேர்கிறது.

மாணவர் தலைவர் ஆவதற்கும் விதிகள் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்து, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் ஆராய்ந்த குழு 2006 ஆம் ஆண்டில் மாணவர் தேர்தலுக்கு நெறிகளை வகுத்தது. போட்டியிடுபவர் வகுப்புக்கு ஒழுங்காக வந்திருத்தல் வேண்டும்; அவ்வாண்டில் தேறாத பாடம் நிலுவையில் இருத்தல் கூடாது; தேர்தல் செலவு 5,000 ரூபாயை மிஞ்சலாகாது. இவை நல்ல நெறிகளே. ஆனால் இவற்றால் யார் போட்டியிடத் தகுந்தவர் என்பது மட்டுமே விளங்கும். வென்ற பின்னர் அவர் என்ன செய்வார் என்பதை வேறோர் இடத்தில்தான் காணவேண்டும்.

அவ்விடம் புதுமுகங்களின் நடுவே உள்ளது. எண்ணிப் பாருங்கள். மாணவர் தலைவருக்கு வாக்களித்தவர் இரண்டாம் ஆண்டினரும் மூன்றாம் ஆண்டினரும். அல்லது, தேர்தல் இல்லாத கல்லூரியில், அவரைப் பரிந்துரைத்தவர் அவர்களே. அவர்கள் மகிழும்படி நடந்துகொள்வதில் அவருக்குப் பயன் உண்டு. புதிதாக வந்தவனோ, அவருக்கு வாக்களித்தவன் அல்லன். அவரை எதிர்க்கும் வலிமையும் அவனுக்கு இல்லை. அவனைக் கவனியாமல் விட்டால் கேட்பாரும் இல்லை. அத்தகையவனுக்கு ஒரு தலைவர் எவ்வளவு நேரத்தைச் செலவிடுகிறார் என்பதைக் கொண்டே அவரை அளக்கலாம்.

பல கல்லூரிகளில் வரவேற்பு என்றாலே விழா என்று கருதுகின்றனர். வாழை மரம் கட்டுவர், ஒலிபெருக்கி முழங்கும், புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரோசா மலரும் இனிப்பும் தருவர். சிறப்பு விருந்தினர் தம் இளமைக்காலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். (இவ்வாறு பேசுவோருள் பெரும்பாலோர் தாம் பள்ளிக்கு நடந்துசென்ற தொலைவை ஆண்டுதோறும் சிறிது கூட்டிச் சொல்வது ஏனோ தெரியவில்லை.) விழா வேண்டாம் என்பது நம் கருத்தன்று. மலர் கொடுத்து வரவேற்பது நம் நாட்டுப் பண்பு. ஆனால் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிய பின்னர், மலரைக் கையில் வைத்துக்கொண்டு, நகருக்குச் செல்லும் பேருந்து எங்கே நிற்கும் என்று தெரியாமல் ஒருவன் மரத்தடியில் நின்றால், அவ்விழாவால் அவன் பெற்ற பயன் சிறிதே.

விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், விருந்தினரின் மென்மைக்கு அனிச்ச மலரை ஒப்பிட்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். நோக்கில் ஒரு சிறு மாறுதல் போதும்; வந்தவர் மனம் வாடிவிடும். கல்லூரியின் முதல் நாளில் புதியவர் எல்லாரும் இத்தகைய மெல்லிய மனத்துடனே இருக்கின்றனர். அவர்களுள் சிலர் உரக்கப் பேசி அதை மறைக்கின்றனர். வேறு சிலர் தலை குனிந்து மறைக்கின்றனர்.

செயலறிந்த தலைவர் ஒருவர் முதல் நாளில் என்ன செய்வார்? கல்லூரி திறப்பதற்கு முந்திய நாளே, நூலகம், அலுவலகம், ஆய்வுக்கூடம், குடிநீர், கழிவறை ஆகியவற்றுக்கு வழி காட்டும் தாள்களை எழுதித் திருப்பங்களில் ஒட்டுவார். காலையில் வாயிலில் நால்வரை நிறுத்துவார். அவர்களுக்கு அவர் கூறும் அறிவுரை ஒன்றே: அவன் கேட்கும்வரை காத்திராதீர்கள், நீங்களே சென்று பேசுங்கள். "எந்த ஊர், தம்பி? எந்தப் பாடம்? வா, நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன்." இச்சிறு பேச்சில் ஒரு நுட்பம் உண்டு. நானும் அந்தப் பக்கம் போகிறேன் என்பதனால், உதவி பெறுகிறோம் என்ற கூச்சம் புதியவனுக்குத் தோன்றுவதில்லை. உடன் வந்த பெற்றோரையும் மறத்தல் ஆகாது. மகளை விடுதியில் விட்டுச் செல்லும் தாய்க்கு, அவ்விடுதியில் மூத்த பெண் ஒருத்தி வந்து, "அம்மா, நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன், கவலை வேண்டாம்" என்று சொல்வது பெரும் ஆறுதல். அன்றிரவு அத்தாய் ஊரில் உறங்குவாள்.

ஆயினும் முதல் நாளைவிட நான்காம் நாளும் பத்தாம் நாளுமே அருமையானவை என்பது எம் துணிபு. முதல் நாளில் எல்லாம் புதுமை. வியப்பிலேயே பொழுது போய்விடும். நான்காம் நாளில் வியப்பு நீங்கி வீட்டு நினைவு வருகிறது. விடுதிச் சோறு சுவைப்பதில்லை. உடன் தங்கியவர்கள் தமக்குள் நண்பராகிவிட்டனர். தான் மட்டும் தனித்து நிற்பதாகத் தோன்றுகிறது. வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் விரைந்து சொல்லிக்கொண்டே செல்கிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் எண்ணம் பெரும்பாலும் இந்நாள்களில்தான் முளைவிடுகிறது. வரவேற்புக் குழுவோ அதற்குள் கலைந்துபோயிருக்கும்.

மொழித் தடையை இங்குச் சற்று விரித்துரைத்தல் தகும்; தமிழ்வழியில் பயின்ற மாணவரின் பெருந்துயர் அதுவே. பன்னிரண்டாம் வகுப்பு வரை இயற்பியலைத் தமிழில் கற்றுச் சிறந்த மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி, கல்லூரி வகுப்பில் அமர்கிறாள். 'வெலாசிட்டி', 'ஆக்ஸிலரேஷன்', 'மொமெண்டம்' என்று சொற்கள் வந்து விழுகின்றன. திசைவேகம், முடுக்கம், உந்தம் என்ற பெயர்களில் அவள் நன்கு கற்றவைதாம் அவை. பொருள் அவளிடம் உள்ளது; பெயர் மட்டும் மாறிவிட்டது. இதனை அறியாமல், தனக்கு இயற்பியலே வரவில்லை என்று அவள் முடிவுகட்டிவிடுகிறாள். இத்தகைய நேரத்தில், அதே வழியில் வந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரிசைகள். இடப்புறம் தமிழ்ச்சொல், வலப்புறம் ஆங்கிலச்சொல். "முதல் மாதம் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இதை எழுதி எழுதித்தான் பழகினேன். நீ வைத்துக்கொள், அடுத்த ஆண்டு வருபவளுக்குக் கொடு" என்கிறாள். அக்குறிப்பேட்டின் விலை ஐம்பது ரூபாய் இருக்கலாம். அதனால் ஒரு பெண் படிப்பைக் கைவிடாமல் நிற்பாள். மாணவர் தலைவர் ஒவ்வொரு துறையிலும் இத்தகைய குறிப்பேடு ஒன்று உருவாகுமாறு செய்தாரானால், அவர் நடத்தும் எந்த விழாவினும் அது பெரிது.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். புதியவரை மூத்தோர் துன்புறுத்தும் தீய வழக்கத்தை நாம் ஆங்கிலச் சொல்லாலேயே 'ராகிங்' என்கிறோம். இலங்கைத் தமிழர் அதற்குப் 'பகிடிவதை' என்று பெயரிட்டனர். பகிடி என்பது கேலி. வதை என்பது துன்புறுத்தல். கேலியாகத் தொடங்குவது எங்கே சென்று முடியும் என்பதை அச்சொல் தன் இரு பாதிகளாலேயே காட்டிவிடுகிறது. இத்துணைப் பொருத்தமான பெயர் ஆங்கிலத்திலும் இல்லை.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இடைக்கால ஐரோப்பாவில், பாரிஸ் முதலிய பல்கலைக்கழகங்களில் புதிய மாணவனை 'மஞ்சள் அலகன்' என்னும் பொருள்பட அழைத்தனர். கூட்டிலுள்ள பறவைக் குஞ்சின் அலகு மஞ்சளாக இருக்குமன்றோ? அவனிடம் விருந்துக்கென்று பணம் பறித்தனர். 14 ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் பல்கலைக்கழகம் அதனைத் தடுக்க விதி செய்யவேண்டியதாயிற்று. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் இதனினும் விந்தையான சடங்கு நிகழ்ந்தது. புதியவன் தலையில் கொம்புகளைப் பொருத்தி, அவனை விலங்கு என்று இகழ்ந்து, பின்னர் அக்கொம்புகளை அறுத்தெறிந்து, அவனை மனிதனாக்கிவிட்டதாக முழங்கினர். கொம்பு நீங்கிய தலையில் விருந்துச் செலவு வந்து விழுந்தது. யார் விலங்காக நடந்துகொண்டார் என்பதை அக்கூட்டத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் இது உயிரையும் குடித்திருக்கிறது. 1996 ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவர் ஒருவரால் கொலையுண்டார். அதன் விளைவாக 1997 ஆம் ஆண்டில் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஈராண்டு வரை சிறை. 10,000 ரூபாய் வரை தண்டம். கல்லூரியினின்று நீக்கமும் உண்டு. முறையீடு வந்தும் வாளாவிருக்கும் கல்லூரித் தலைமையும் குற்றத்திற்கு உடந்தையாகக் கருதப்படும். இலங்கையும் 1998 ஆம் ஆண்டில் இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த, ஆர். கே. இராகவன் தலைமையிலான குழு 2007 ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. 2009 ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளிக்கவேண்டும். முதலாண்டு மாணவரை இயன்றவரை விடுதியின் தனித் தொகுதியில் தங்கவைக்க வேண்டும். ஆசிரியர்கள் இயன்றவரை விடுதி மாணவருடன் அமர்ந்து உண்ணவேண்டும். எந்நேரமும் முறையிடுவதற்கு 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் ஏற்படுத்தப்பட்டது. நீங்கள் கல்லூரி புகும்போது இவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வேண்டும், ஐயமில்லை. ஆனால் சட்டம் பெரும்பாலும் தீங்கு நிகழ்ந்த பின்னரே வருகிறது. தீங்கு நிகழுமுன் அவ்விடத்தில் இருப்பவர் மாணவரே. இரவு பத்து மணிக்கு விடுதி அறை ஒன்றில் நால்வர் கூடுகின்றனர். "புதிதாக வந்தவர்களை அழைத்து வா, சிறிது வேடிக்கை பார்ப்போம்" என்கிறான் ஒருவன். விடுதிக் காப்பாளர் உறங்கச் சென்றுவிட்டார். காவல் நிலையம் தொலைவில் உள்ளது. அவ்வேளையில் அவ்வறை வாயிலில் வந்து நின்று, "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர் மாணவர் தலைவர் ஒருவரே. அச்சொல்லைச் சொல்வது எளிதன்று. அந்நால்வரும் அவருடைய நண்பர். ஈராண்டு ஒரே தட்டில் உண்டவர். தேர்தலில் அவருக்காகச் சுவர்தோறும் தாள் ஒட்டியவர். அந்தப் பக்கத்தில் நிற்பவனோ, பெயர்கூடத் தெரியாத ஒரு புதியவன். நண்பரை இழக்கும் அச்சம் சட்டத்தை மீறும் அச்சத்தைவிட வலியது. பதவி கிடைத்த நாளில் எல்லாரும் கைதட்டினர். இவ்விரவில் கைதட்டுவார் இலர். ஏளனம் செய்வார் உளர்.

நண்பர் கூறும் காரணங்களும் வலிமையுடையன போலவே தோன்றும். "எங்களையும் இப்படித்தான் செய்தார்கள், நாங்கள் தாங்கவில்லையா?" என்பர். கடன்பட்டவனிடம் கடனைக் கேட்பது முறை. தனக்குத் தீங்கு செய்தவனை விட்டுவிட்டு, தன்பால் எக்குற்றமும் செய்யாத சிறுவனிடம் அத்தீங்கைத் தீர்த்துக்கொள்வது எம்முறை? "இதனால் கூச்சம் போகும், நட்பு வளரும்" என்று கூறுவாரும் உண்டு. இக்கூற்றில் சிறிது உண்மை மறைந்திருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூத்தவரும் இளையவரும் பழகவேண்டும், கூச்சம் நீங்கவேண்டும். அதற்கு வழி வேறு. முதல் வாரத்து மாலை ஒன்றில் அனைவரும் வட்டமாக அமர்வர். முதலில் மூத்தவர் ஒவ்வொருவரும் எழுந்து, தாம் முதலாண்டில் வந்தபோது செய்த பிழைகளைச் சொல்வர். ஒருவர் வேறு துறை வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்ந்து குறிப்பெடுத்ததைச் சொல்வார். மற்றொருவர் தேர்வுக் கட்டணத்தை நூலகத்தில் செலுத்த முயன்றதைச் சொல்வார். அனைவரும் நகைப்பர். அதன் பின்னர்ப் புதியவர் தாமாகவே பேசத் தொடங்குவர். பாடத் தெரிந்தவர் பாடலாம். விரும்பாதவர் பெயரும் ஊரும் சொல்லி அமரலாம். கேலி இங்கும் உண்டு. அதனை மூத்தவர் தம்மேல் ஏற்றுக்கொள்கின்றனர்.

சில தலைவர்கள் நண்பரைப் பகைக்கவும் மனமின்றி, புதியவரைக் கைவிடவும் மனமின்றி, "வரம்பு மீறாமல் செய்யுங்கள்" என்று சொல்லி அகல்வர். இது நடுநிலைமை போலத் தோன்றும். வரம்பு எது என்பதை வலியவரே வகுக்கும்படி விட்டுவிட்டுச் செல்வதற்கு நடுநிலைமை என்ற பெயர் பொருந்தாது.

ஒரு தலைவர் மட்டும் எத்தனை பேரைக் காத்தல் இயலும்? 2009 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளில் இதற்கு ஒரு கணக்கு உள்ளது. புதியவர் ஆறு பேருக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டியாக அமையவேண்டும். அத்தகைய வழிகாட்டிகள் ஆறு பேருக்கு, அவர்களினும் ஓராண்டு மூத்த ஒருவர் மேல்வழிகாட்டியாக அமையவேண்டும். இதன்படி, 360 பேர் புதிதாகச் சேரும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டினர் 60 பேரும், அவர்களுக்கு மேல் மூன்றாம் ஆண்டினர் 10 பேரும் வேண்டும். ஆறு என்பது நன்கு தேர்ந்த எண். ஆறு பேரின் பெயரையும் ஊரையும் எவரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். உணவுக்கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றி அவர்கள் அமரலாம். எல்லாவற்றினும் மேலாக, ஒருவர் வரவில்லையென்றால் அது உடனே தெரியும். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒருவன் மூன்று நாள் வாராவிட்டாலும் கண்டுகொள்வார் இல்லாமற் போகலாம், ஆறு பேர் அமரும் மேசையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால், "அவன் எங்கே?" என்ற கேள்வி அன்றே எழும்.

இக்கணக்கு பல கல்லூரிகளில் தாளளவிலேயே நின்றுவிடுவதுண்டு. பெயர்ப்பட்டியல் தட்டச்சாகும், முதல்வர் கையொப்பமிடுவார், வழிகாட்டிக்குத் தன் அறுவர் யார் என்பதே தெரியாது. அதனைத் தாளிலிருந்து மேசைக்குக் கொண்டுவருவதே மாணவர் தலைவரின் வேலை. வாரத்தில் ஒரு நாள் அவர் வழிகாட்டிகளைக் கூட்டி, "உன் அறுவருள் யார் சரியாக உண்பதில்லை? யார் வகுப்புக்கு வரவில்லை? யார் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை?" என்று கேட்கவேண்டும். வழிகாட்டிகள் தம் எல்லையையும் அறிந்திருக்கவேண்டும். அவர்கள் மருத்துவர் அல்லர், நீதிபதியும் அல்லர். பணமுடை, நோய், ஆழ்ந்த மனச்சோர்வு, பிறர் அச்சுறுத்தல் ஆகியவை தெரியவந்தால், அவற்றைத் தம் மனத்தில் பூட்டி வைக்காமல், புதியவனையும் உடன் அழைத்துக்கொண்டு ஆசிரியரிடமோ காப்பாளரிடமோ செல்லவேண்டும். "நீ போய்ச் சொல்" என்று அனுப்புதல் வேறு. "வா, போவோம்" என்று அழைத்தல் வேறு.

மாணவ மாணவியரே! நீங்கள் இன்னும் சில ஆண்டுகளில் அவ்வாயிலில் நுழைவீர்கள். எவரேனும் உங்களிடம் வந்து, "எந்த ஊர், தம்பி?" என்றோ "எந்தப் பாடம், தங்கச்சி?" என்றோ கேட்டால் கூசாமல் விடை கூறுங்கள்; தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேளுங்கள். எவரேனும் அச்சுறுத்தினால் அதனை மறைக்காதீர்கள். மறைப்பதால் அடுத்த அறையில் இருப்பவனுக்கும் அதுவே நேரும்.

அவ்வொழுங்குமுறைகளில் இன்னொரு குறிப்பும் உண்டு. வழிகாட்டிகள் ஆணையால் அமர்த்தப்படுபவர் அல்லர். வரும் கல்வியாண்டுக்கெனத் தாமே முன்வந்து பெயர் கொடுப்போர். ஆதலின், நன்கு நடக்கும் கல்லூரியில், புதியவரை வரவேற்கும் பணி ஜூன் திங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏப்ரல் தேர்வு நெருங்கும் நாள்களில், அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பெறும். அதில் முதலாண்டு மாணவர் சிலர் தம் பெயர்களை எழுதுவர். சென்ற ஆண்டு அலுவலகத்துச் சாளரத்தின்முன் விண்ணப்ப எண்ணைத் தேடிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்.